மோசம் போன செய்தி

கொட்டாஞ்சேனைக்கே விடியற்காலையில் தெரிந்துவிட்ட செய்தி, தெரிந்தே ஆகவேண்டிய ஒருத்திக்கு மட்டும் பின்னேரமாகியும் போய்ச் சேரவில்லை. அவள் நின்ற இடம் அப்படி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் கிளெமென்ற். காலைப் பூசைக்குப் போவதற்கு முகம் கழுவிக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். அம்புலன்ஸ் சந்தி திரும்ப முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. மலர்ச்சாலைக்காரர்கள் கொண்டுபோய், கோட்டும் டையும் போட்டுப் பெட்டியில் கிடத்தி, மத்தியானம் திரும்பக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் கிறிஸ்துமஸுக்கு வைத்த நத்தார்க் குடில் இன்னும் கழற்றாமல் இருந்தது. மூன்று ராசாக்கள் திருநாள் முடியட்டும் என்று கிளெமென்ற்தான் சொல்லியிருந்தார். அதை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் பெட்டியை வைத்தார்கள்.

மனைவி டோரின் தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. வந்தவர்கள் அதையும் கவனித்தார்கள். செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறு என்ன வேலை? அவள் மனம் முழுக்க ஒரே ஒரு விஷயம்தான் நின்றது. லவினாவுக்குச் சொல்லவேண்டும்.

லவினா மூத்தவள். தென் துருவத்துக்குப் போகும் ஒரு சுற்றுலாக் கப்பலில் வேலை. அப்படியும் ஒரு சுற்றுலா உண்டு என்று அவள் சொல்லித்தான் அந்த வீட்டுக்குத் தெரியும். ஆர்ஜென்டினாவின் கடைசி முனையில் கப்பலேறி, வாந்தியெடுத்து வாந்தியெடுத்துக் கடலைத் தாண்டி, பனிமலையும் திமிங்கிலமும் பென்குயினும் பார்க்கப் போகிறார்களாம் பணக்காரர்கள். றப்பர் படகில் அவர்களைக் கரைக்கு இறக்க முன்னரும், திரும்பி ஏற்றும்போதும், ஒவ்வொருவருடைய பூட்ஸையும் மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவவேண்டும். காற்சட்டைப் பையிலே ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. அந்த நிலத்தில் வெளியூர் விதை ஒன்று விழுந்து முளைத்துவிட்டால் பெரிய அநியாயமாம். லவினாவின் வேலை அதுதான்.

பெத்த பிள்ளை வெள்ளைக்காரரின் சப்பாத்துக் கழுவுகிறாளே என்று டோரின் முதலில் மூக்கைச் சிந்தினாள். கிளெமென்ற் அவளை நன்றாக ஏசினார். "விசர்க் கதை கதைக்காத. அவள் சப்பாத்தா கழுவுறாள்? ஒரு கண்டத்துக்குக் காவல் நிக்கிறாள்" என்றார். பென்குயின்கள் பார்க்கத்தான் அழகு, கிட்டப் போனால் மீன் மார்க்கெட் நாற்றம் என்று அவள் சொன்னதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அவள் அனுப்புகிற வீடியோக்களைச் சலூன்காரனுக்குக்கூடக் காட்டினார். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய மனிதர், ஒரு நாளும் கப்பலில் போனதில்லை.

டோரினுக்கு இந்த அவசரம் ஏன் என்றால், அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. லவினா முன்பு கட்டாரில் ஹோட்டல் வேலை செய்தபோது டோரினின் தம்பி ஜெறோம் இறந்துபோனான். தோளில் தூக்கி வளர்த்த மாமா. பிள்ளை தனியாக இருக்கிறாள், தாங்கமாட்டாள், வந்தபிறகு சொல்லலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து மறைத்தார்கள். டோரினும் சேர்ந்துதான் மறைத்தாள். லவினா விமான நிலையத்தில் இறங்கி, மாமாவுக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க மாமாவைக் காணேல்லை?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை டோரின் சாகும்வரை மறக்கமாட்டாள். கப்பலுக்குப் போக முன்னர் லவினா தாயின் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்று. "என்ன நடந்தாலும் எனக்கு மறைக்கக் கூடாது அம்மா. நீங்கள்தான் சொல்லவேணும். உங்கட வாயாலதான் சொல்லவேணும்." டோரின் மாதாவின் படத்துக்கு முன்னால் ஓம், சொல்லுவன் என்றாள்.

ஆனால் வீட்டில் இருந்தவர்கள் விடுவார்களா? கிளெமென்றின் தமக்கை மெற்றில்டா முதல் ஆளாக வந்து நின்றாள். கொட்டாஞ்சேனைச் செத்த வீடுகளில் எதை எப்படிச் செய்வது என்று மெற்றில்டாவைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

"புள்ள நடுக்கடல்ல நிக்குது. கப்பல் கரைக்கு வர இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாள். இப்பச் சொல்லி அது என்ன செய்யப்போகுது? நீந்தியா வரும்?"

"சொல்லத்தான் வேணும் மச்சாள்."

"சொன்னா அந்தப் பனிக்குள்ள தனிய நிண்டு அழும். அவ்வளவுதான். நீ ஒரு தாய்தானே?"

டோரின் கிறிஸ்ரியைக் கூப்பிட்டாள். இளையவன். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையில் வேலை, குடித்தனமும் அங்கேதான். வாட்ஸ்அப்பில் எழுதிவிடுவோமா என்று அவன் கேட்டான். "டடா செத்ததை எழுத்தில அனுப்புறதோ? நல்லாத்தான் இருக்கு" என்று டோரின் சீறினாள். பிறகு தான் சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தது என்ற அந்தச் சொல்லை அன்றைக்கு அவள் அதற்கு முன் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி சொல்ல அப்போது அவளுக்குத் தைரியம் இல்லை.

அவசரத்துக்கென்று கப்பல் ஆட்கள் கொடுத்த இலக்கம் ஒன்று இருந்தது. கிறிஸ்ரி சுழற்றிச் சுழற்றி, ஒருவாறு தொடர்பு கிடைத்ததும் டோரின் போனை வாங்கினாள். அங்கே அப்போது காலை நேரம். எடுத்தவன் முதலில் இங்கிலீஷில் பேசினான். லவினாவின் வீடு என்றதும் தமிழுக்கு மாறினான். சூசை, கப்பல் சமையலறையில் வேலை, ஊர் தூத்துக்குடி. லவினா அவனைப் பற்றி வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். சொந்த அண்ணன் மாதிரி, ரசம் வைத்துக் கொடுப்பான் என்று.

"லவினா பயணிகளோட கரைக்குப் போயிருக்காங்கம்மா. பென்குயின் பாக்க எறக்கி விட்டிருக்கோம். திரும்பி வர மத்தியானம் ஆயிடும். எதாச்சும் அவசரமாம்மா?"

லைன் இரைந்தது. பின்னால் முன்னறையில் யாரோ ஒப்பாரி வைத்தார்கள். டோரின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிள்ளைக்குத்தான் சொல்லவேண்டும் என்று இருந்தவள், இனி லைன் கிடைக்குமோ என்னவோ என்று பயந்துபோனாள். ஆனாலும் ஒரு அந்நியப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்லுவது? அவள் வடக்கே குருநகரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் முடித்துத்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். பெரிய துக்கம் வந்தால் தாய் வீட்டுப் பேச்சுத்தான் வாயில் வரும். பட்டும்படாமலும், நோகாமலும், அவளுடைய ஊரில் சொல்லுகிற மாதிரியே சொன்னாள்.

"தம்பி, லவினாவின்ர டடா மோசம் போயிட்டார் எண்டு சொல்லிவிடுங்கோ. அம்மா எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"அடடா! மோசம் போயிட்டாரா? ஐயையோ. இந்தக் காலத்துல யாரைத்தாம்மா நம்புறது! நீங்க மனசைத் தளர விடாதீங்க. அப்பாவைத் தைரியமா இருக்கச் சொல்..."

லைன் அறுந்தது. யாரை நம்புவது என்று அவன் ஏன் சொன்னான் என்று டோரின் ஒரு கணம் யோசித்தாள். காலையில் பூசைக்குப் புறப்பட்ட மனிதர், இந்த உயிரை நம்பத்தான் முடியுமா? அதைத்தான் சொல்லுகிறான் போல, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். கடைசியாகச் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

பாரம் கொஞ்சம் இறங்கியது. இனி மகள் எடுப்பாள், எடுத்தவுடன் இரண்டு பேருமாக அழலாம் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கீழ் வீட்டு றலியா பிளேன்டீ கொண்டுவந்து வற்புறுத்திக் குடிக்க வைத்தாள். "இப்படித் திடீரென்டு மௌத்தாப் போயிட்டாங்களே அக்கா, நேத்தும் எங்கட புள்ளைக்கி பென்குயின் வீடியோ காட்டினாங்களே" என்று றலியா அழுதாள். மலர்ச்சாலைப் பையன் வாசலில் நின்று இரண்டு முறை எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரு முடிவு வேண்டும். மகள் வரும்வரை வைத்திருப்பதென்றால் இன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் ஐஸ் அறையில் வைக்கவேண்டும். இல்லையென்றால் நாளைக்கு அடக்கம், சேமக்காலைக்குக் குழிவெட்ட ஆள் அனுப்பவேண்டும். டோரின் கையால் பொறு என்று காட்டினாள். அதை லவினாதான் சொல்லவேண்டும் என்று அவள் வைத்திருந்தாள்.

செபமாலை முடிந்து எல்லோரும் எழும்பும்போது போன் சத்தமிட்டது. கோல் இல்லை. குரல் செய்தி. லவினாவிடமிருந்து.

கிறிஸ்ரி அதை அழுத்தினான். ஸ்பீக்கரில் வந்தது. எல்லோரும் அழுகையைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"அம்மா, நான் இப்பத்தான் கப்பலுக்கு ஏறினனான். சூசை அண்ணன் சொன்னவர், டடாவை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்களாம். ஆரம்மா அது? சரி, ஆரெண்டாலும் இருக்கட்டும். டடாவை ஏசாதீங்கோ. பிளீஸ். அவர் ஆரைத்தான் நம்பேல்லை? போனது போகட்டும் எண்டு சொல்லுங்கோ. அவர் சாப்பிட்டவரோ எண்டு மட்டும் பாருங்கோ. இப்பிடி ஏதும் நடந்தால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். டடா, கேக்குதோ? தலையைக் குனியாதீங்கோ. நீங்கள் ஆருக்கும் ஒரு பிழையும் செய்யேல்லை. இண்டைக்கு ஒரு பென்குயின் குஞ்சு வந்து என்ர பூட்ஸைக் கொத்திக் கொத்திப் பார்த்தது. நான் கழுவி வைச்ச பூட்ஸ்! வீடியோ அனுப்புறன். அம்மா, டடாவுக்குக் காட்டுங்கோ. சிரிப்பார்."

செய்தி முடிந்தது. அதைத் தொடர்ந்து வீடியோவும் வந்து விழுந்தது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை. யாரோ ஒருத்தி விம்மினாள். டோரின் ஒன்றும் விளங்காமல் மகனைப் பார்த்தாள்.

"என்னடா சொல்லுறாள்? ஆர் ஏமாத்தினது?"

கிறிஸ்ரிக்கு உடனே விளங்கிவிட்டது. சென்னை வியாபாரிகளோடு நாள் முழுக்கப் போனில் கதைக்கிறவன் அவன். நெற்றியில் அடித்துக்கொண்டான். "அம்மா, நீங்கள் மோசம் போயிட்டார் எண்டு சொன்னீங்களே. இந்தியாக்காரருக்கு மோசம் போறது எண்டால் ஏமாந்து போறது. நீங்கள் சொன்னதை அந்த ஆள் அப்பிடித்தான் எடுத்திருக்கிறார். எடுத்ததைத் தன்ர பாஷையில அவளுக்குச் சொல்லியிருக்கிறார்."

என்ன கொடுமை பாருங்கள்! அதே தமிழ், அதே மாதா, அதே கடலின் மீன். நடுவில் ஒரு முழத் தண்ணீர். இந்தக் கரையில் இறந்தவரை நோகாமல் சொல்லுகிற சொல், அந்தக் கரையில் ஏமாந்தவனைச் சொல்லுகிற சொல். சூசை சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருந்தாலாவது லவினாவுக்கு விளங்கியிருக்கும். பாவம், அவன் நல்லதென்று நினைத்து விளக்கமாகச் சொல்லிவிட்டான். றலியா சொன்ன மாதிரி மௌத்து என்று சொல்லியிருந்தாலும் தூத்துக்குடிக்காரனுக்கு விளங்கியிருக்கும். டோரின் பார்த்துப் பார்த்து எடுத்த மெத்தென்ற சொல்தான் இப்படிக் காலை வாரிவிட்டது.

மெற்றில்டா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவளுடைய குரலில் அதிகாரம் இல்லை. அவளும் தம்பியை இழந்தவள்தானே.

"டோரின், நான் சொல்றதைக் கேள். கடவுளாப் பார்த்து மறைச்சிருக்கிறார். நீ பொய் சொல்லவே தேவையில்ல. ஓம், யாரோ ஏமாத்திட்டாங்க, டடா கொஞ்சம் மனசு விட்டுப் போய்ப் படுத்திருக்கிறார் என்டு சொல்லு. புள்ள கரைக்கு வரட்டும். அந்த ரெண்டு கிழமையாவது அது சிரிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

கிறிஸ்ரியும் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா அங்க தனிய அம்மா" என்றான்.

உள்ளதைச் சொன்னால், டோரினுக்கும் மனம் இளகியது. மகளின் குரலில் இருந்த அந்தச் சந்தோஷம், அந்தப் பூட்ஸைக் கொத்திய குஞ்சு, டடா சிரிப்பார் என்ற நம்பிக்கை. உலகத்தில் ஒரேயொரு இடத்தில் கிளெமென்ற் இன்னும் உயிரோடு இருக்கிறார். சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, மகளுக்குக் கவலை கொடுத்துக்கொண்டு இருக்கிறார். அந்த இடத்திலிருந்தும் அவரை எடுத்துவிட எந்தப் பெண்சாதிக்குத்தான் மனம் வரும்? ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். மற்றதை அந்தப் பொய்யே பார்த்துக்கொள்ளும்.

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். கிளெமென்றின் டை கொஞ்சம் கோணலாக இருந்தது. சரிசெய்தாள்.

"கோல் எடு" என்றாள்.

"டோரின்..."

"மச்சாள், விடுங்கோ. என்ர பிள்ளையை ஒருக்கா ஏமாத்தினனான். அது காணும், இனி மாட்டன்."

மணி அடித்தது. லவினா உடனே எடுத்தாள். காற்று இரைகிற சத்தமும் அதற்குப் பின்னால் கழுதை கத்துவதுபோல ஒரு சத்தமும் வந்தன. பென்குயின்கள்.

"அம்மா! மெசேஜ் கேட்டனீங்களோ? நீங்கள் இப்ப அழுதுகொண்டிருப்பீங்கள் எண்டு தெரியும். முதல்ல டடாட்ட குடுங்கோ. நான் கதைக்கிறன்."

"பிள்ளை..."

"குடுங்கோ அம்மா. அவருக்கு வெக்கமா இருக்கும். நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

டோரின் வாயைத் திறந்தாள். அந்தப் பழைய சொல்தான் மறுபடியும் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள். வேறு மெல்லிய சொற்களும் வந்தன. போயிட்டார், தவறிட்டார், கர்த்தருக்குள்ள... ஒன்றையும் அவள் நம்பவில்லை. இன்றைக்கு எந்தச் சொல்லையும் நம்புவதற்கில்லை. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் ஏமாத்தேல்லை, பிள்ளை. டடா செத்துப்போயிட்டார்."

அறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அவ்வளவு பச்சையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்ன பிறகுதான், காலையிலிருந்து வராத அழுகை டோரினுக்கு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள்.

அந்தப் பக்கத்தில் வெகு நேரம் காற்றுத்தான் கேட்டது. பிறகு லவினா கேட்டாள். அது அவளுடைய குரல் மாதிரியே இல்லை.

"எப்ப?"

"விடிய. பூசைக்கு வெளிக்கிடேக்க. ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்படேல்லை, ராசாத்தி."

"சூசை அண்ணன் ஏன் அப்பிடி..."

"அவர் நல்ல பிள்ளை. ஏசாதை. எனக்குத்தான் சொல்ல வாய் வரேல்லை. ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. வந்தவை எல்லாம் ஆரோ சொல்லித்தான் வந்தவை. என்ர வாயால உனக்குத்தான் சொல்லுறன்."

அப்போது லவினா அழுதாள். ஒரு சின்னப்பிள்ளை அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். யாரோ அவளிடம் ஓடிவருகிற சத்தம் கேட்டது. "என்னம்மா, என்னாச்சு?" என்று சூசையின் குரல் கேட்டது. கொட்டாஞ்சேனை வீட்டில் மெற்றில்டா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அழுகை கொஞ்சம் தணிந்ததும் டோரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீ வரும்வரைக்கும் வைச்சிருக்கலாமாம். ஐஸ் அறையில வைப்பாங்கள். நீ முகம் பார்க்கவேணும் எண்டால் ரெண்டு கிழமை எண்டாலும் வைச்சிருப்பம். ஆர் என்ன சொன்னாலும் வைச்சிருப்பன். நீ சொல்லு."

முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை லவினாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று டோரினுக்குத் தெரியும். ஜெறோம் மாமாவின் முகத்தையும் பார்க்காதவள் அவள்.

"வேண்டாம் அம்மா," என்றாள் கடைசியில். "நான் இஞ்ச நிக்கிறன். ஐஸ் எப்பிடி எண்டு எனக்குத் தெரியும். கையுறை போட்டாலும் விரல் விறைச்சுப்போகும். அதுக்குள்ள டடாவை ரெண்டு கிழமை வைக்க என்னால ஏலாது. நாளைக்கே அடக்கம் பண்ணுங்கோ. சூடான மண்ணுக்குள்ள வையுங்கோ."

"முகம் பார்க்க வேண்டாமோ, பிள்ளை?"

"பார்க்கவேணும். ஆனா வேண்டாம்." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "போனை அவருக்குப் பக்கத்தில வைச்சுவிடுங்கோ அம்மா. கட் பண்ணாதீங்கோ. லைன் இருக்கும்வரைக்கும் இருக்கட்டும்."

டோரின் எழும்பி, போனைக் கிளெமென்றின் தலையணையில், காதோடு ஒட்டினாற்போல் வைத்தாள். லவினா ஏதோ மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அது தகப்பனுக்கும் மகளுக்கும் உள்ள கதை. டோரின் கேட்காமல் நகர்ந்து வாசலுக்குப் போனாள்.

மலர்ச்சாலைப் பையன் தூணில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

"மொகத கரன்னே, நோனா?" என்ன செய்வது, அம்மா என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஹெட்ட, மல்லி" என்றாள் டோரின். நாளைக்கு, தம்பி.

பையன் தலையாட்டினான். ஆனாலும் அவனுக்கு மனம் கேட்கவில்லை. மத்தியானத்திலிருந்து மகள், மகள் என்றுதானே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"துவ என்னே நெத்த, நோனா?"

மகள் வரவில்லையா என்றுதான் கேட்டான். முன்னறையிலிருந்து காற்றின் சத்தமும், அந்தப் பறவைகளின் சத்தமும், அவற்றுக்கு நடுவே லவினாவின் குரலும் வாசல்வரை கேட்டன. டோரின் அவனுக்குத் தமிழ் விளங்காது என்பதையே மறந்துபோனாள்.

"அவள் வந்திட்டாள், மல்லி."